வீட்டு ஹனிபாட், அதன் பதிவுகள், ஏஐ துணை: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரபேங்க் பக்கங்களிலிருந்து, வீட்டில் ஹனிபாட் வைத்து அதன் பதிவுகளை ஏஐ (செயற்கை நுண்ணறிவு) துணையோடு படிப்பது பற்றி என்னிடம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் மெட்ரிக் படிக்கும் பிள்ளைகளும் உண்டு, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் உண்டு. ஆகவே சில பதில்கள் அடிப்படையிலிருந்து தொடங்குகின்றன. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

ஹனிபாட் என்றால் என்ன? அதை ஏன் வீட்டில் வைக்க வேண்டும்?

தாக்குகிறவர்கள் வந்து கைவைக்கட்டும் என்றே இணையத்தில் திறந்து வைக்கப்படும் போலிக் கணினிதான் ஹனிபாட். அதில் உண்மையான வேலை எதுவும் நடப்பதில்லை. அதனால் அதன் கதவைத் தட்டுகிற எதுவும் சந்தேகத்துக்குரியதுதான். அலுவலக சர்வர் ஒன்றின் பதிவுகளில், அதாவது நடந்ததையெல்லாம் கணினி தானே எழுதி வைக்கும் குறிப்புகளில், நல்ல பயனர் யார், திருடன் யார் என்று பிரிப்பதற்கே பாதி நாள் போய்விடும். ஹனிபாட்டில் அந்தத் தொல்லை இல்லை. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடத் தோதான தரவு கிடைப்பது அரிது.

இது புதிய யோசனையும் அல்ல. 1986இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் அதைத் துருவிக்கொண்டே போய், ஊடுருவியவரைத் தொலைபேசி இணைப்பில் நெடுநேரம் நிறுத்திவைக்கப் போலி ஆவணங்களை உருவாக்கி வைத்தார். அவரிடம் பெரிய கருவி எதுவும் இருக்கவில்லை. அச்சிட்ட பதிவுகளை வரிவரியாகப் படிக்கும் பொறுமை இருந்தது. இந்தப் பக்கம் முழுவதும் நான் வற்புறுத்தப் போவது அந்தப் பொறுமையைத்தான்.

என் வீட்டை யார் தாக்கப் போகிறார்கள்? எங்களிடம் என்ன இருக்கிறது?

உங்களை யாரும் தேடி வருவதில்லை. எல்லா முகவரிகளையும் தட்டிப் பார்க்கிறார்கள், அவற்றில் உங்களுடையதும் ஒன்று. இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்ணை ஐபி முகவரி என்பார்கள்; அதன் பரவலான வடிவமான ஐபிவி4இல் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, நல்ல வேகமுள்ள ஒரே இணைப்பிலிருந்து அவ்வளவையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டியது. 2016இல் பரவிய மிராய் நிரலோ, வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, பிடிபட்ட ஒவ்வொரு சாதனத்தையும் அடுத்ததைத் தேட அனுப்பியது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் மட்டுமே. அதன் மூல நிரல் வெளியாகிவிட்டதால் பேரன், கொள்ளுப்பேரன் நிரல்கள் இன்றும் உலவுகின்றன.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பழைய மடிக்கணினி அல்லது ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினி ஒன்று போதும் (இனி சுருக்கமாக 'பை'). பையின் மின்செலவு அற்பம்: நாலைந்து வாட் என்றால் மாதத்துக்கு மூன்று யூனிட் அளவில் நின்றுவிடும். மென்பொருளுக்கு கவ்ரி என்பதிலிருந்து தொடங்குங்கள். தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச், டெல்நெட் என்ற இரண்டு வாசல்களையும் போலியாகத் திறந்துவைத்து, உள்ளே வருகிறவர்கள் தட்டச்சு செய்வதையெல்லாம் எழுதிக்கொள்ளும். கணினிப் பாதுகாப்புப் பயிற்சி தரும் சான்ஸ் நிறுவனத்தின் டிஷீல்டு என்ற ஹனிபாட் தொகுப்புக்குள்ளும் இதே கவ்ரிதான் இருக்கிறது.

டி-பாட் என்ற பெரிய தொகுப்பும் உண்டு. பார்க்க அழகான வரைபடங்கள் தரும். அதற்கு நல்ல நினைவகமுள்ள கணினி வேண்டும் என்பது ஒரு குறை. வரைபடத்தைப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டு, பதிவைப் படிக்காமலே இருந்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய குறை.

வீட்டிலுள்ள மற்ற கணினிகளுக்கு ஆபத்து வராதா?

கவனமில்லாமல் வைத்தால் வரும். ஹனிபாட் கணினியை உங்கள் குடும்பக் கணினிகள் இருக்கும் வலையமைப்பில் வைக்கக் கூடாது. ரவுட்டரில் விருந்தினர் வலையமைப்பு இருந்தால் அதில் வையுங்கள்; வீலேன் எனப்படும் தனிப் பிரிவாக வலையமைப்பைப் பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. ரவுட்டரில் டிஎம்இசட் என்றொரு அமைப்பு இருக்கும், ஒரே சொடுக்கில் எல்லாப் போர்ட்டுகளையும் (எண்ணிட்ட வாசல்களை) திறந்துவிடும். அதைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து எஸ்எஸ்எச்சின் 22ஆம் போர்ட்டுக்கு வருவதை உள்ளே 2222க்கும், டெல்நெட்டின் 23க்கு வருவதை 2223க்கும் திருப்பினால் போதும். நீங்கள் அந்தக் கணினிக்குள் நுழையும் உண்மையான வாசல் வேறு போர்ட்டில், வீட்டுக்குள்ளிருந்து மட்டும் எட்டும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கவ்ரி காட்டும் கணினி போலி. ஆனால் தாக்குகிறவர் ஒரு கோப்பை இறக்கச் சொன்னால், கவ்ரி உண்மையாகவே போய் அதை இறக்கி வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு இணைப்பு ஒரு கள்ள சர்வரோடு பேசுகிறது என்று அதற்குப் பொருள். அப்படி வந்த கோப்பு உயிருள்ள தீநிரல் என்பதையும் மறக்க வேண்டாம்.

போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டேன். இரண்டு நாளாக ஓர் ஈ காக்கை கூட வரவில்லையே?

உங்களுக்குத் தனிப் பொது முகவரி இல்லாமல் இருக்கலாம். செல்பேசி இணைப்புகளிலும் சில ஃபைபர் திட்டங்களிலும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைத் தருகிறார்கள். ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எதிலாவது தொடங்கினால் அதுதான் காரணம். இணைய நிறுவனத்திடம் பொது முகவரி கேளுங்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இதை அனுமதிக்கிறதா?

நான் வழக்கறிஞன் அல்லன்; படித்தறிந்ததைச் சொல்கிறேன். உங்கள் கணினிக்கு வந்து மோதுவதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்வது ஒன்று. வந்தவரைத் துரத்திப்போய் அவருடைய கணினிக்குள் நுழைவது முற்றிலும் வேறு. 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் கொண்ட சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது அதன்படி குற்றம். அவர் முதலில் உங்களைத் தாக்கினார் என்று சொல்லித் தப்பிக்க நினைக்காதீர்கள். பதிவில் கிடைத்த கடவுச்சொல்லை வேறெங்காவது போட்டுப் பார்ப்பதும் இதே கணக்கில் சேரும்.

பொப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இணைய அடையாளங்களையும் தனிநபர் தகவலில் சேர்க்கிறது. வீட்டுக்குள் தனிப்பட்ட முறையில் செய்வதற்கு அதில் விலக்கு உண்டு. ஐபி முகவரிகளோடு பட்டியலை ஊரறிய வெளியிட்டால் அந்த விலக்குக்குள் நிற்கிறோமா என்பது கேள்விக்குறி. வெளியிடும்போது முகவரிகளை மறைத்துவிடுவது நல்லது.

பதிவில் என்னதான் இருக்கும்?

கவ்ரி ஒவ்வொரு நிகழ்வையும் ஜேசன் என்ற, பெயரும் மதிப்புமாக அடுக்கிய எழுத்து வடிவில் ஒரு வரியாக எழுதும். அந்த வரியில் நிகழ்வின் பெயர், நேரம், எந்த ஐபியிலிருந்து வந்தது, அமர்வு எண் ஆகியவை இருக்கும். ஒருவர் வந்து போவது ஓர் அமர்வு. இணைந்தது, கடவுச்சொல் முயன்றது, கட்டளை தட்டியது, கோப்பு இறக்கியது, வெளியேறியது என்று ஓர் அமர்வுக்கே பல வரிகள் வரும். அமர்வு எண்ணைக் கொண்டு அவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். முதல் நாள் ஏஐயைத் திறக்காதீர்கள். ஒரே ஓர் அமர்வை எடுத்து, வரிகளைக் காகிதத்தில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எது எந்தப் புலம் (பெயரிட்ட தகவல் கட்டம்) என்று கண்ணுக்குப் பழகட்டும்.

ஏஐயிடம் முழுக் கோப்பையும் கொடுத்து "என்ன நடந்தது சொல்" என்றால் போதாதா?

இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். பதிலும் வந்துவிடுகிறது, அதுவும் சீராக, தலைப்புகளோடு, அச்சமூட்டும் சொற்களோடு. "உங்கள் அமைப்பைக் குறிவைத்து ஒருங்கிணைந்த தாக்குதல் நடக்கிறது" என்று எழுதித் தரும். படிக்கிறவருக்கு உடல் சிலிர்க்கும். பதிவைத் திறந்து பார்த்தால் அதில் அப்படி ஒன்றும் இருக்காது.

இந்த ஏஐ கருவிகளுக்கு அடித்தளமான மொழி மாதிரிகள் எண்ணுவதில் தேர்ந்தவை அல்ல. இரண்டாயிரம் வரிகளை ஒட்டிவிட்டு, தனித்தனி ஐபிகள் எத்தனை என்று கேட்டால் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும். மறுபடி கேட்டால் இன்னொரு எண் வரலாம். கோப்பு பெரிதாக இருந்தால் நடுப்பகுதியைச் சரியாகப் பார்க்காமலே முடிவு சொல்லிவிடும். கருவி எண்ணியே காட்டாத ஒன்றுக்கு விழுக்காடு போட்டுத் தருவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எண்ணுவது நிரலின் வேலை. அந்த நிரலை எழுதித் தருவதும், புரியாத கட்டளையை விளக்குவதும், நாம் யோசிக்காத மாற்று விளக்கங்களைச் சொல்வதும் ஏஐயின் வேலை. எதைக் கேட்பது, எதை நம்புவது என்பது நம்முடைய வேலை. ஏஐ ஒன்றைச் சொன்னவுடன் "எந்த வரி?" என்று கேளுங்கள். எந்த அமர்வில், எந்த நேரத்தில், எந்த நிகழ்வை வைத்து இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டு, அந்த வரியை நீங்களே கோப்பில் தேடிப் பாருங்கள். வரி கிடைக்காவிட்டால் அந்தக் கருத்தை அடித்துவிடுங்கள்.

அப்படியானால் எப்படித்தான் கேட்பது? ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

அடிக்கடி காணும் வகையான ஓர் அமர்வை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ரூட் என்ற, முழு அதிகாரமுள்ள பயனர் பெயரில் நுழைகிறார். உடனே கணினி எந்த வகை என்று கேட்கிறார். செயலியில் (பிராசசரில்) எத்தனை கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகள், என்று எண்ணுகிறார். நினைவகம் எவ்வளவு, வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்கிறார். பிறகு கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடும் எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கும் கோப்புறையை அழித்துவிட்டுத் தன் சாவியை அங்கே வைக்கிறார். ரூட் கடவுச்சொல்லை மாற்றுகிறார். போய்விடுகிறார்.

முதல் கேள்வி இப்படி இருக்கலாம்: "இந்தக் கட்டளைகள் ஒவ்வொன்றும் என்ன செய்யும்? விளக்கம் மட்டும் போதும், நோக்கத்தை ஊகிக்காதே." இங்கே ஏஐ உண்மையிலேயே நல்ல ஆசிரியர். குழாய்க் குறிகளால் கோத்த நீண்ட கட்டளைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லும். கோர்களை எண்ணுவது கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்களின் வழக்கம் என்பதும், சாவியை வைப்பது திரும்பி வருவதற்கு என்பதும் அடுத்தடுத்த கேள்விகளில் தெரியவரும்.

இரண்டாவது கேள்வியில்தான் ஆய்வு தொடங்குகிறது. வந்தவர் மனிதரா, இயந்திரமா? ஏஐயிடம் கருத்துக் கேட்காதீர்கள், நிரல் கேளுங்கள்: "ஒவ்வொரு அமர்விலும் அடுத்தடுத்த கட்டளைகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று கணக்கிடும் பைத்தான் நிரல் எழுது. அதே கட்டளை வரிசை வேறு எத்தனை ஐபிகளிலிருந்து வந்திருக்கிறது என்றும் எண்ணித் தரட்டும்." பத்துக் கட்டளைகள் இரண்டு நொடிக்குள் முடிந்திருந்தால் தட்டச்சு செய்தது விரல்கள் அல்ல. அதே வரிசை, எழுத்து மாறாமல், வேறு பல முகவரிகளிலிருந்தும் வந்திருந்தால் "உங்களைக் குறிவைத்து" என்ற கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: "என் முடிவு தவறாக இருந்தால் பதிவில் எதைக் காண வேண்டும்?" இதற்கு ஏஐ தரும் பட்டியலில் பாதி உதவாது. மீதிப் பாதியில் நமக்குத் தோன்றாத ஒன்று அநேகமாக இருக்கும். எழுத்துப்பிழை, அழித்து மறுபடி தட்டியது, திரையில் வந்த விடையைப் பொறுத்து அடுத்த கட்டளை மாறியது போன்றவை மனிதனின் அடையாளங்கள். அவற்றைத் தேடிப் பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகு முடிவை எழுதுங்கள்.

நிரலை எழுதி வாங்கியதும் உடனே முழுக் கோப்பில் ஓட்டாதீர்கள். இருபது வரிகளை வெட்டி எடுத்து, விடையைக் கையால் எண்ணி வைத்துக்கொண்டு, நிரலும் அதையே சொல்கிறதா என்று பாருங்கள்.

சில நாட்களில் தாக்குதல் திடீரென நின்றுவிடுகிறது. தாக்குகிறவர்கள் ஓய்வெடுக்கிறார்களா?

டர்பனில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! முதலில் மின்சாரம் இருந்ததா என்று பாருங்கள். லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த 2023இல் ஹனிபாட் வைத்திருந்த யாருடைய பதிவிலும் ஓட்டைகள் இருக்கும். நாட்டின் மின்நிறுவனமான எஸ்காம் இப்போது எவ்வளவோ மேல் என்றாலும், கேபிள் திருட்டும் மழையில் பழுதாகும் துணைமின் நிலையமும் நம்மை விட்டுப் போய்விடவில்லை.

இந்த ஓட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஏஐ மிக எளிதாகச் சறுக்கும் இடம் இது. பதிவில் வரி இல்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. "செவ்வாய் மாலைகளில் தாக்குதல் குறைகிறது, தாக்குகிறவர்களின் வேலை நேரம் இதிலிருந்து தெரிகிறது" என்று ஒரு கண்டுபிடிப்பே செய்துவிடும். செவ்வாய் மாலை உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்?

மௌனத்தில் பல வகை உண்டு. வீட்டில் மின்சாரம் போய் பை அணைந்திருக்கலாம். பை யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்க, தெருமுனையிலுள்ள ஃபைபர் பெட்டியின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, உண்மையிலேயே யாரும் வராமலும் இருக்கலாம். கவ்ரியின் பதிவை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க வழியில்லை. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு செய்திகளைத் தனிக் கோப்பில் எழுதும் சிறு நிரல் ஒன்றை ஓடவிடுங்கள்: நான் விழித்திருக்கிறேன்; வெளியே ஒரு முகவரியை எட்ட முடிகிறது. அந்தக் கோப்பில் இரண்டில் ஒன்றேனும் இல்லாத நேரங்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு, ஹனிபாட் விழித்திருந்த ஒவ்வொரு மணிக்கும் எத்தனை அமர்வுகள் என்று பாருங்கள். நாளுக்கு எத்தனை என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

மின்சாரம் திரும்பிய பிறகும் தொல்லை தீர்வதில்லை. ராஸ்பெரி பை 4 வரையுள்ள மாதிரிகளில் மின்சாரமில்லாமல் ஓடும் கடிகாரம் கிடையாது. எழுந்தவுடன், அணைவதற்கு முன் சேமித்த பழைய நேரத்திலிருந்து தொடங்கும். இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்த பிறகுதான் தாவும். அந்த இடைவெளியில் எழுதப்பட்ட வரிகளின் நேரம் பொய். ரவுட்டரும் அணைந்து எழுந்திருந்தால் உங்கள் வெளி முகவரியே மாறியிருக்கலாம். அப்போது முன்பு வந்துகொண்டிருந்தவர்கள் காணாமல்போய்ப் புதியவர்கள் வருவார்கள். தாக்குகிறவர் உத்தியை மாற்றிவிட்டார் என்று ஏஐ அதற்கும் ஒரு கதை சொல்லும். வெளி முகவரி மாறும் ஒவ்வொரு முறையும் அதைக் குறித்து வையுங்கள்.

நேரத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். கவ்ரி இயல்பாக உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. நம் நேரம் அதைவிட இரண்டு மணி கூடுதல். பதிவில் 22:30 என்றால் டர்பனில் மறுநாள் 00:30. மின்வெட்டு அட்டவணையோடு ஒப்பிடுவதற்கு முன் இதைத் திருத்தியாக வேண்டும்.

பையின் எஸ்டி அட்டை திடீர் மின்வெட்டில் கெட்டுப்போகும். பதிவுகளைத் தினமும் வேறிடத்துக்கு நகலெடுங்கள்.

எந்த நாட்டிலிருந்து தாக்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பாக்கெட் (தரவுத் துண்டு) எந்த முகவரியிலிருந்து வந்தது என்று தெரியும். ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாது. கதவைத் தட்டிய கணினி பெரும்பாலும் யாரோ ஓர் அப்பாவியின் கேமராவாகவோ வாடகை சர்வராகவோ இருக்கும். அந்த முகவரியின் நாடு என்று காட்டப்படுவதுகூட உறுதியில்லை. ஆப்பிரிக்காவின் ஐபி முகவரிகளைப் பங்கிடும் ஆஃப்ரினிக், மொரிஷியஸின் எபென் நகரில் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கென்று ஒதுக்கிய தொகுதிகளை வேறு கண்டங்களில் வாடகைக்கு விடுவது பற்றி அங்கே ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. ஆகவே வரைபடத்தில் கொடி நட்டு மகிழும் வேலையை நான் ஊக்குவிப்பதில்லை. எந்த நிறுவனத்தின் வலையமைப்பு என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. வந்தவற்றில் ஷோடான், சென்சிஸ், ஷேடோசர்வர் போன்ற அமைப்புகள் இணையம் முழுவதையும் கணக்கெடுக்கச் செய்யும் ஆய்வுத் தேடல்களும் கணிசமாக இருக்கும். அவற்றை முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள்.

என் ஹனிபாட்டில் வெற்றிகரமான நுழைவுகள் மிக அதிகம். இது கவலைக்குரியதா?

இல்லை. கவ்ரியின் இயல்பமைப்பு ரூட் என்ற பெயருக்கு ஒருசிலவற்றைத் தவிர எந்தக் கடவுச்சொல் கொடுத்தாலும் உள்ளே விடும். வெற்றி விழுக்காடு நீங்கள் வைத்த அமைப்பின் விளைவு. அதில் தாக்குகிறவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஏஐக்கு உங்கள் அமைப்புக் கோப்பைக் காட்டாவிட்டால் இதை அது ஊகிக்காமலே போகலாம். பதிவைக் காட்டும்போதெல்லாம் ஹனிபாட் எப்படி அமைக்கப்பட்டது என்பதையும் நான்கு வரியில் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறும் உண்டு: நம் ஹனிபாட்டில் கண்டதை வைத்து உலகத்தையே அளப்பது. டர்பன் கடற்கரையில் நம் முன்னோர் இழுத்த கரைவலையில், கரைக்கு அருகே வந்த மீன்தான் சிக்கியது. எஸ்எஸ்எச்சும் டெல்நெட்டும் மட்டும் திறந்திருக்கும் ஹனிபாட்டில் அந்த இரண்டைத் தேடுகிறவர்கள்தான் வருவார்கள். 2021 ஜூலையில், துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டு டர்பன் துறைமுகத்தின் சரக்குப்பெட்டி வேலை முடங்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரித் தாக்குதலைப் பற்றி உங்கள் பை எதுவும் சொல்லாது.

கட்டளையே இல்லாமல் பல அமர்வுகள் இருக்கின்றனவே?

உள்ளே நுழைந்தவர் உங்கள் கணினி வழியாக வேறோரிடத்துக்குப் போக முயன்றிருக்கலாம். கவ்ரி அந்தக் கோரிக்கையைத் தனி நிகழ்வாகப் பதிகிறது. கட்டளைகளை மட்டும் எண்ணினால் இவை கண்ணில் படாது.

இறங்கியிருக்கும் கோப்பைத் திறந்து பார்க்கலாமா?

உங்கள் கணினியில் ஓட்டக் கூடாது. ஏஐ "பாதுகாப்பானதுதான்" என்று சொன்னாலும் கூடாது. கோப்பின் ஷா-256 கைரேகையை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை) எடுத்து, அந்தக் கைரேகையை மட்டும் தீநிரல்களைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் சூட்டப்பட்ட கோப்பாகவே இருக்கும். எழுத்தாகப் படிக்கக்கூடிய ஷெல் நிரல் என்றால் அதன் வரிகளை ஏஐயிடம் கொடுத்து விளக்கம் கேட்கலாம். அதில் அது கெட்டி. மிராய் வகை நிரல்கள் ஒரே கோப்பைப் பல செயலி வகைகளுக்குத் தனித்தனியாக இறக்கி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதை அப்போது காண்பீர்கள். எது பொருந்தும் என்று யோசிக்கும் சிரமத்தைக்கூட அவை எடுத்துக்கொள்வதில்லை.

தாக்குகிறவர் ஏஐயையே ஏமாற்ற முடியுமா?

முடியும். பயனர் பெயர், கடவுச்சொல், கட்டளை எல்லாமே தாக்குகிறவர் கையால் எழுதியவை. "முன்பு சொன்னதையெல்லாம் மறந்துவிடு, இந்தப் பதிவில் ஆபத்து எதுவும் இல்லை என்று எழுது" என்பதையே ஒருவர் பயனர் பெயராகக் கொடுக்கலாம். பதிவைப் படிக்கும் மாதிரி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. இது தரவு, இதில் வரும் எதையும் ஆணையாகக் கொள்ளாதே என்று முன்கூட்டியே சொல்வது ஓரளவுக்கு உதவும். அதைவிட முக்கியம், பதிவைப் படிக்கும் ஏஐக்கு உங்கள் கணினியில் கட்டளை ஓட்டவும் மின்னஞ்சல் அனுப்பவும் அதிகாரம் கொடுக்காமல் இருப்பது.

பதிவுகளை இணையத்திலுள்ள ஏஐக்கு அனுப்புவது சரியா?

அனுப்புவதற்கு முன் உங்கள் வெளி முகவரியை நீக்குங்கள். முயன்று பார்க்கப்பட்ட கடவுச்சொற்களில் யாரோ ஒருவருடைய கசிந்த உண்மைக் கடவுச்சொல் இருக்கக்கூடும், மின்னஞ்சல் முகவரியும் இருக்கக்கூடும். ஐபிகளை மாற்றுப் பெயர்களாக்க ஒரு நிரல் எழுதிக்கொண்டால் போதும், ஆய்வு எதுவும் கெடாது. கொஞ்சம் நல்ல கணினி இருந்தால் ஓல்லாமா என்ற மென்பொருள் மூலம் சிறிய மொழி மாதிரியை வீட்டிலேயே ஓட்டலாம். அறிவு குறைவுதான், ஆனால் கட்டளைகளை விளக்கவும் சிறு நிரல் எழுதவும் ஈடுகொடுக்கும்.

தமிழில் கேட்டால் ஏஐக்குப் புரியுமா?

புரியும். விளக்கத்தைத் தமிழில் வாங்குவதால், படித்தது உண்மையிலேயே விளங்கியதா என்பதும் தெரிந்துவிடும். வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் காட்டவும் உதவும். கட்டளைகள், புலப் பெயர்கள், பிழைச் செய்திகள் ஆகியவற்றை மட்டும் பதிவில் உள்ளபடியே விட்டுவிடச் சொல்லுங்கள். அவற்றையும் மொழிபெயர்த்துத் தந்தால் கோப்பில் தேட முடியாது.

என் தங்கை மகன் மெட்ரிக் எழுதுகிறான். இதைக் கற்றால் வேலை கிடைக்குமா, அண்ணா?

இதனால் மட்டும் கிடைக்காது, அக்கா. ஆனால் நேர்காணலில் "ஹனிபாட் வைத்திருக்கிறேன்" என்று சொல்பவனைவிட, ஒரே ஓர் அமர்வைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோகிறவன் முன்னே நிற்பான். என்ன கண்டேன், எந்த வரியில் கண்டேன், வேறு என்னவாக இருக்கலாம், ஏன் அதை விலக்கினேன் என்று அதில் இருக்க வேண்டும். ஏஐ எழுதிய அறிக்கையை அப்படியே கொடுத்தால், இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடுவான். கணக்கையும் புள்ளியியலையும் விட்டுவிடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

கண்டதை யாரிடம் தெரிவிப்பது?

ஐபி முகவரி எந்த நிறுவனத்துக்குரியது என்று, உரிமையாளர்களைப் பட்டியலிடும் ஹூயிஸ் பதிவில் பார்த்தால், முறைகேடுகளைத் தெரிவிக்கும் மின்னஞ்சல் அங்கே இருக்கும். நேரம், உலகப் பொது நேரத்தில், மூல முகவரி, இரண்டு மூன்று வரிப் பதிவு. அவ்வளவு போதும், ஏஐ எழுதும் நீண்ட கடிதம் வேண்டாம். உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் கணினி பிடிபட்டிருப்பதாகத் தோன்றினால் அரசின் சைபர் செக்யூரிட்டி ஹப்புக்குத் தெரிவிக்கலாம். டிஷீல்டு வைத்திருந்தால் உங்கள் பதிவுகள் தாமாகவே சான்ஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

போதும் என்று தோன்றும்போது எப்படி நிறுத்துவது?

முதலில் ரவுட்டரில் போர்ட் திருப்பல்களை நீக்குங்கள். பையை மட்டும் அணைத்துவிட்டு அவற்றை மறந்துபோனால், பிறகு அதே உள்முகவரி வேறு சாதனத்துக்குப் போய், அதன் வாசல் வெளியே திறந்து கிடக்கும். அடுத்து வெளியிலிருந்து, செல்பேசி இணைப்பில் இருந்து, 22உம் 23உம் மூடியிருக்கின்றனவா என்று சோதியுங்கள். பதிவுகளை வேறு வட்டுக்கு மாற்றுங்கள். இறங்கிய கோப்புகளின் கைரேகைகளைக் குறித்துக்கொண்டு கோப்புகளை அழியுங்கள். எஸ்டி அட்டையை முழுவதும் அழித்துப் புதிதாக எழுதிய பிறகே அதே பையை வீட்டு வேலைக்குப் பயன்படுத்துங்கள்.